டிகிரி கைக்கு வருவதற்குள் எலெக்டிவ்: மூன்றாம் வருடத் தம்பிக்கு

தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் வருடம் பகுதி ஒன்று எழுதப் போகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படியான ஸ்டெப் 1 படித்துக்கொண்டிருக்கிறாராம், அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (நம் ஊர் எம்.டி. மாதிரியான மேற்பயிற்சி) வேண்டுமாம். எலெக்டிவை எப்போது போடுவது, எங்கே போடுவது, பெரிய பெயர் உள்ள இடம் கிடைத்தால்தான் மதிப்பா, ஒரு கன்சல்டன்சியில் எட்டு வாரத்துக்கு நான்கரை லட்சம், ‘எல்ஓஆர் கேரண்டி’ (எல்ஓஆர் என்றால் சிபாரிசுக் கடிதம்) என்கிறார்கள், சேரலாமா என்பவை கேள்விகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். நானும் இதே மாதிரி ஒரு ஜி.எச். வார்டிலிருந்து வந்தவன்தான். முதல் எலெக்டிவை வீணடித்துவிட்டு, இரண்டாவதில் சுதாரித்துக்கொண்டவன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம், எல்லாரும் இதைக் கலந்துதான் பேசுகிறார்கள். எலெக்டிவ் என்பது நீங்கள் இன்னும் மருத்துவ மாணவராக இருக்கும்போதே அமெரிக்க மருத்துவமனை ஒன்றில், அங்கே உள்ள மாணவர்களோடு மாணவராக வார்டில் வேலை பார்ப்பது. ஹிஸ்டரி எடுக்கலாம், பரிசோதிக்கலாம், ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லலாம், சில இடங்களில் நோட்டும் எழுதலாம். அப்சர்வர்ஷிப் என்பது டாக்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பது மட்டும். நோயாளி மேல் கை வைக்கக் கூடாது, டிகிரி முடித்த பிறகும் செய்யலாம். எக்ஸ்டர்ன்ஷிப் என்பது டிகிரி முடித்தவர்களுக்கு ‘கை வைத்துப் பார்க்கலாம்’ என்று சொல்லி விற்கிற சரக்கு, அதைப் பற்றிக் கீழே வருகிறேன். பல ரெசிடென்சி ப்ரோகிராம்கள் ‘அமெரிக்க மருத்துவமனை அனுபவம் வேண்டும்’ என்று போடும்போது அப்சர்வர்ஷிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, எலெக்டிவ் செய்யும் தகுதி உங்களுக்கு டிகிரி கையில் வரும் வரைதான். அதற்கப்புறம் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இது சிஆர்ஆர்ஐ (ஃபைனலுக்குப் பிறகு வருகிற ஒரு வருடக் கட்டாயப் பயிற்சி) முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இது ஏன் இப்போது இவ்வளவு முக்கியம் ஆகிவிட்டது என்றால், முன்பு ஸ்டெப் 1-இல் பெரிய மார்க் எடுத்தவன் அந்த எண்ணைக் காட்டியே கதவைத் தட்டலாம். 2022 ஜனவரி 26-க்குப் பிறகு அது பாஸ், ஃபெயில் மட்டும்தான். நோயாளியோடு எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்க்க வைத்திருந்த ஸ்டெப் 2 சிஎஸ் தேர்வும் கொரோனாவில் நின்று, 2021 ஜனவரியில் ஒரேயடியாக எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு எண் என்று கிடைப்பது ஸ்டெப் 2 சிகே (மருத்துவ அறிவுத் தேர்வு) மார்க் ஒன்றுதான். இந்த ஆள் எங்கள் வார்டில் நின்று வேலை பார்ப்பானா என்பதற்கு ஆதாரம், அமெரிக்காவில் உங்களோடு வேலை பார்த்த ஒருவர் எழுதிய கடிதம். ரெசிடென்சி இடங்களை ஒதுக்குகிற முறைக்குப் பெயர் மேட்ச். 2024 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில் இடம் கிடைத்தவர்கள் 58.5 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து ‘பாதிக்கு மேல் கிடைக்கிறதே’ என்று சந்தோஷப்படாதீர்கள். இது ரேங்க் லிஸ்ட் (விரும்புகிற ப்ரோகிராம்களின் வரிசை) போட்டவர்களை வைத்துக் கணக்கிட்டது. ஒரு இன்டர்வியூகூட வராமல் லிஸ்ட் போட முடியாமல் போனவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

சரி, எப்போது? நம் எம்.பி.பி.எஸ். அமைப்பில் மூன்று சந்துகள் இருக்கின்றன. முதலாவது, சிபிஎம்இ (திறன் அடிப்படையிலான) பாடத்திட்டத்தில் மூன்றாம் வருடம் பகுதி ஒன்றுக்கும் பகுதி இரண்டுக்கும் நடுவே வருகிற எலெக்டிவ் காலம். பெயரே எலெக்டிவ் என்பதால் எல்லாரும் இதைத்தான் முதலில் பிடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ‘கடைசி வருட மாணவராக இருக்க வேண்டும், மெடிசின், சர்ஜரி, குழந்தைகள், மகப்பேறு, சைக்கியாட்ரி எல்லாம் முடித்திருக்க வேண்டும்’ என்று கேட்கும். நடு வருடத்தில் நிற்கிற உங்களால் அந்தக் கட்டங்களில் டிக் போட முடியாது. காலமும் குறைவு. இரண்டாவது, ஃபைனல் எழுதி முடித்து ரிசல்ட் வந்து, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் ப்ரொவிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு சிஆர்ஆர்ஐ தொடங்கும் வரை உள்ள இடைவெளி. இது நல்ல சந்துதான், ஆனால் எத்தனை வாரம் இருக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, தேர்வு தள்ளிப்போனால் எல்லாம் போச்சு.

மூன்றாவது சிஆர்ஆர்ஐ. என் ஓட்டு இதற்குத்தான். சிஆர்ஆர்ஐ முடியும் வரை டிகிரி வராது, அதனால் பல இடங்களில் உங்களை மாணவராகவே எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதித்த லீவைத் தாண்டிப் போனால் அந்த நாட்களைக் கடைசியில் நீட்டித்து முடிக்க வேண்டும், நீட்டிக்கிற நாளுக்கு ஸ்டைபண்ட் விஷயத்தில் சிக்கலும் வரலாம். பரவாயில்லை. இரண்டு மாதம் நீட்டித்தால் இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான். கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை மாறும் என்பதால் யார் கையெழுத்து தேவை, டீன் போதுமா, சென்னை வரை கோப்பு போக வேண்டுமா என்பதை ஆறு மாதம் முன்பே விசாரியுங்கள். வாய்மொழியாக ‘போயிட்டு வாப்பா’ என்று சொன்னவர் நீங்கள் திரும்பி வரும்போது மாற்றலாகிப் போயிருப்பார்.

இனி அமெரிக்கப் பக்கத்துக் காலண்டர். அங்கே கல்வியாண்டு ஜூலையில் புரளும். ஜூலையிலிருந்து வருடக் கடைசி வரை அவர்களுடைய சொந்த நான்காம் வருட மாணவர்களே இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களும் அதே செப்டம்பரில் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறவர்கள். வெளிநாட்டு மாணவருக்குப் பல இடங்களில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில்தான் இடம் ஒழியும். ஈராஸ் (ரெசிடென்சிக்கான இணைய விண்ணப்பத் தளம்) விண்ணப்பம் செப்டம்பர் தொடக்கத்தில் அனுப்ப ஆரம்பிக்கலாம், அந்த மாதக் கடைசியில் ப்ரோகிராம்கள் திறந்து பார்க்கும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ, மார்ச்சில் மேட்ச், ஜூலையில் வேலை. பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்: விண்ணப்பிக்கப் போகிற செப்டம்பருக்கு முந்தைய ஜனவரி முதல் மே வரை எலெக்டிவ் அமைந்தால் கடிதமும் புதுசாக இருக்கும், இடமும் கிடைக்கும். எலெக்டிவ் விண்ணப்பம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முன்னால் திறக்கும். தேதி நெருங்க நெருங்க எழுதிக் கேட்டால் மரியாதையாக ஒரு ‘ஸாரி’ வரும்.

எங்கே என்கிற கேள்விக்கு என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் எலெக்டிவுக்கு, பெயரைச் சொன்னால் ஊரில் மளிகைக்கடை அண்ணாச்சிக்குக்கூடத் தெரிந்திருக்கும் ஒரு மருத்துவமனையைப் பிடித்தேன். வீட்டில் எல்லாருக்கும் பெருமை, அப்பா இரண்டு பேரிடம் கடன் வாங்கினார். போய்ச் சேர்ந்த இடம் ஒரு பெரிய வார்டு டீம்: ஒரு அட்டெண்டிங் (டீமுக்குப் பொறுப்பான மூத்த டாக்டர்), ஒரு ஃபெல்லோ, இரண்டு சீனியர் ரெசிடென்ட், மூன்று இன்டர்ன், அந்தக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், கடைசியில் நான். அட்டெண்டிங் வாரம் ஒருவராக மாறினார்கள். நான்கு வாரத்தில் நான்கு பேர். ஒவ்வொருவரும் என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் அவருடைய வாரம் முடிந்துவிடும். கடைசி வாரத்தவரிடம் கடிதம் கேட்டேன், எழுதித் தந்தார், தங்கமான மனிதர். ‘நேரத்துக்கு வந்தார், ஆர்வமாக இருந்தார், இனிமையானவர்’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இருந்திருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் ஐந்து நாளில் அவர் என்னைப் பற்றி வேறு எதையும் பார்க்கவில்லை.

இரண்டாவது எலெக்டிவ் மிச்சிகனில், வெளியூர்க்காரர்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு நடுத்தர மருத்துவமனை. நெஃப்ராலஜி கன்சல்ட், அதாவது மற்ற வார்டுகள் சிறுநீரகப் பிரச்சினைக்குக் கருத்துக் கேட்டுக் கூப்பிடுகிற டீம். டீமில் அட்டெண்டிங், ஒரு ரெசிடென்ட், நான், அவ்வளவுதான். ஒரே அட்டெண்டிங் இரண்டு முழு வாரம், அப்புறம் ஒரு வாரம் விட்டு மறுபடி அவரே. மூன்றாம் நாளிலிருந்து ‘போய் அந்தப் புதுக் கன்சல்ட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல், கிரியாட்டினின் ஏன் ஏறியது என்று உன் கருத்தையும் சொல்’ என்று தனியாக அனுப்ப ஆரம்பித்தார். ஒரு வயதான அம்மாவுக்கு டயாலிசிஸ் வேண்டுமா வேண்டாமா என்று அவருடைய மகள் குழம்பிப்போய் நின்றார். ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு நான் திரும்பிப் போய் அந்த மகளோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தேன். ஊரில் இதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஏழு மாதம் கழித்து ஓர் இன்டர்வியூவில், ‘நோயாளியின் மகளோடு நீங்கள் பேசியதைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருக்கிறதே, அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுத்திருந்ததால் (நீங்களும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்) அப்படி ஒரு வரி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய இடத்துக் கடிதத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் இடம் தேடும்போது எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று, அங்கே நம்மைப் போன்றவர்களை ரெசிடென்ட்டாக எடுக்கிறார்களா. ப்ரோகிராம் இணையதளத்தில் இப்போதைய ரெசிடென்ட்களின் படமும் படித்த கல்லூரியும் இருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், கராச்சி, கெய்ரோ, காத்மாண்டு என்று வந்தால் அது நம் இடம். முழுக்க அமெரிக்கக் கல்லூரிப் பெயர்களாக இருந்தால் அங்கே செய்கிற எலெக்டிவ் நல்ல அனுபவமாக இருக்கும், ஆனால் அந்த வாசல் வழியாக ரெசிடென்சி வருவது அரிது. ஏஎம்ஏ (அமெரிக்க மருத்துவச் சங்கம்) நடத்துகிற ஃபிரெய்டா தளத்திலும் ப்ரோகிராம்வாரியாக இந்த விவரம் கிடைக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ், புரூக்ளின் பகுதிகள், நியூ ஜெர்சி, மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கத்து நகர மருத்துவமனைகளில் நம்மவர்கள் நிறைய. இரண்டாவது, அங்கே உங்களை ஒரே ஆள் எத்தனை நாள் தொடர்ந்து பார்ப்பார். இதை ஒருங்கிணைப்பாளரிடம் நேராகவே கேட்கலாம்: ‘இந்த நான்கு வாரத்தில் எத்தனை அட்டெண்டிங் மாறுவார்கள்?’ கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று எலெக்டிவ் செய்ய வசதி இருந்தால் ஒன்று பெரிய பெயராக இருக்கட்டும், தவறில்லை, அதற்கும் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். நெஃப்ராலஜி, இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸ் மாதிரி கன்சல்ட் சர்வீஸ்களில் டீம் சின்னது, பேச நேரம் உண்டு. வெறும் கிளினிக் மட்டும் உள்ள எலெக்டிவை முதலாவதாக எடுக்காதீர்கள், வார்டு வேலை பார்த்த சாட்சி ஒன்றாவது வேண்டும்.

விண்ணப்பிக்கும் வழி இரண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்துகிற விஎஸ்எல்ஓ என்கிற விண்ணப்பத் தளம் வழியாகப் போவதானால் உங்கள் கல்லூரியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்; நம் அரசுக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. மனம் தளர வேண்டாம். தனியாகத் தங்கள் இணையதளத்திலேயே வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தை வாங்குகிற இடங்கள் இருக்கின்றன, சின்ன மருத்துவமனைகளில் மெடிக்கல் எஜுகேஷன் அலுவலகத்துக்கு நேராக எழுதினாலே போதும். பத்துக்கு எழுதினால் இரண்டு பதில் வரும். அதுவும் போதும்.

காகிதங்களில் டீன் கடிதம், ‘குட் ஸ்டாண்டிங்’ சான்று, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக மார்க் விவரம், பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ், ஸ்டெப் 1 பாஸ், ஆங்கிலத் தேர்வு, பாஸ்போர்ட் எல்லாம் சாதாரணமாகக் கேட்பவை. மால்ப்ராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) இன்ஷூரன்ஸை நம் கல்லூரிகள் தருவதில்லை, நீங்களே வாங்க வேண்டும். ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம் டாலர் என்பதுதான் வழக்கமாகக் கேட்கிற அளவு. எண்ணைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கட்டுகிற தொகை அதில் துளிதான். படிவத்தில் ‘கல்லூரி முத்திரை’ என்று ஒரு வட்டம் இருக்கும். எங்கள் அலுவலகத்துக் கிளார்க் அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘இது எந்த ஜி.ஓ.படி தம்பி?’ என்று கேட்டார். நானே ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, டீன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்கிற நிலையில் கொண்டு போனேன், இரண்டு நாளில் முடிந்தது. ஊதா மையில் குத்திய வட்ட ரப்பர் ஸ்டாம்ப்பை அமெரிக்காவில் யாரும் குறை சொல்லவில்லை.

தடுப்பூசிதான் பலரைக் கவிழ்க்கிற இடம், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். ‘சின்ன வயசில் எல்லாம் போட்டாச்சு’ என்றால் ஏற்க மாட்டார்கள், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு காட்ட வேண்டும். ஹெபடைடிஸ் பி டைட்டர் (அந்த அளவுக்குப் பெயர்) 10-க்குக் குறைவாக இருந்து, போட்டதற்கு ரெக்கார்டும் இல்லையென்றால் மூன்று ஊசி முழுவதும் போட ஆறு மாதம் ஆகிவிடும், அதற்குள் உங்கள் எலெக்டிவ் தேதியே போய்விடும். சின்னம்மை வந்த தழும்பைக் காட்டினால் போதாது, அதற்கும் டைட்டர். பொன்னுக்கு வீங்கிக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி கிடையாது, அதனால் பி.எச்.சி.யில் ஊசி போட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு எம்எம்ஆர் புதிதாக இரண்டு டோஸ், நான்கு வார இடைவெளியில் போட வேண்டியிருக்கும். அடுத்தது காசநோய். மான்டூ தோல் பரிசோதனை வைத்தால் நமக்குக் கை வீங்கத்தான் செய்யும். பிசிஜி போட்டவர்கள், அதற்கு மேல் டி.பி. வார்டில் நின்றவர்கள். அதனால் நேராக ரத்தப் பரிசோதனையான குவான்டிஃபெரான் கோல்டு எடுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது. அதுவும் பாசிட்டிவ் வந்தால் உலகம் முடிந்துவிடவில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் அறிகுறி இல்லை என்கிற படிவமும் கேட்பார்கள். என் ரூம்மேட் ஒருவன் இதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்து, டிக்கெட்டைக் கான்சல் செய்து, பணத்தையும் இழந்து உட்கார்ந்திருந்தான்.

விசா. மருத்துவ மாணவர் சம்பளம் இல்லாமல் எலெக்டிவ் கிளர்க்‌ஷிப்புக்குப் போவதற்கு உரியது பி-1 விசா. சில பல்கலைக்கழகங்கள் வேறு வகை கேட்கும், அவர்கள் எழுத்தில் சொன்னபடி செய்யுங்கள். 2023 ஜூனில் கட்டணம் 185 டாலர் ஆனது, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஸ்லாட் கிடைக்கவே சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஏற்புக் கடிதம் வந்த அன்றைக்கே டிஎஸ்-160 விசாப் படிவத்தை நிரப்புங்கள். ஜன்னலில் உண்மையை நேராகச் சொல்லுங்கள்: இன்ன கல்லூரி மாணவன், இன்ன மருத்துவமனையில் இன்ன தேதி வரை எலெக்டிவ், செலவுக்கு இன்னார், முடித்ததும் சிஆர்ஆர்ஐக்குத் திரும்ப வேண்டும், இதோ டீன் கடிதம். ‘சுற்றிப் பார்க்கப் போகிறேன்’ என்று யாரோ கன்சல்டன்சிக்காரர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாதீர்கள். இன்று சொல்கிற பொய் நாளைக்கு ரெசிடென்சிக்கான ஜே-1 விசாவுக்கு நிற்கும்போது அதே கம்ப்யூட்டரில் இருக்கும். குடும்பத்தோடு போய் வந்த பத்து வருட பி1/பி2 ஏற்கெனவே கையில் இருந்தால் அதிர்ஷ்டசாலி, இறங்கும் விமான நிலையத்தில் கடிதத்தைக் காட்டிவிட்டு, ஐ-94 வருகைப் பதிவில் பி-1 என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

செலவு. மருத்துவமனைக் கட்டணம் சில இடங்களில் பூஜ்யம் அல்லது சில நூறு டாலர், ஹார்வர்டு மாதிரி இடங்களில் நான்கு வாரத்துக்கே ஆயிரக்கணக்கில். என் கணக்கில் எட்டு வாரம், விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து சிக்கனமாக இருந்தால் ஐந்து லட்சம், பெரிய நகரம் என்றால் எட்டு. அறையை மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள், அந்த வாடகை கூடுதலாக இருந்தாலும் சரி. ஜனவரியில் மிச்சிகனில் காலை ஐந்தரை மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்பது எப்படி இருக்கும் என்று நம் ஊர்க் குளிரை வைத்துக் கணக்குப் போட முடியாது. சூடம் மாதிரி கரைந்தது பணம், அதில் பாதி ஊபருக்குப் போனது.

இப்போது கன்சல்டன்சி. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் அவர்கள் விற்பது தனியார் கிளினிக் ஒன்றில் ஒரு டாக்டரோடு உட்காரும் வாய்ப்பு. அங்கே ரெசிடென்சி கிடையாது, வார்டு கிடையாது, அதே டாக்டர் மாதத்துக்கு ஆறு பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றித் தருவார். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்தக் கடிதங்களை வருடா வருடம் பார்க்கிறவர்கள், மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். டிகிரி முடித்தவர் விசிட்டர் விசாவில் போய் நோயாளி மேல் கை வைப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மாட்டினால் கன்சல்டன்சிக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான். ‘கடிதம் கேரண்டி’ என்று ஒருவர் சொன்னால், உங்களைப் பார்க்காமலே எழுதப்படுகிற கடிதம் என்று அர்த்தம். மாணவராக இருக்கிற உங்களுக்கு இந்த வழி தேவையே இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது? நம் ஊரில் கேஸ் ப்ரெசண்டேஷன் இருபது நிமிடம். ‘பாலர் இல்லை, இக்டெரஸ் இல்லை, சயனோசிஸ் இல்லை, கிளப்பிங் இல்லை’ என்று பஞ்சாங்கம் வாசிக்கிற மாதிரி வாசித்துப் பழகியிருக்கிறோம். அங்கே தினசரி ரவுண்ட்ஸில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம்: இவர் யார், எதற்காக வந்தார் என்று ஒரே வரி, ராத்திரி என்ன நடந்தது, மாறியிருக்கிற எண்கள், அதற்கப்புறம் உங்கள் கணிப்பு, இன்று என்ன செய்யலாம். கடைசி இரண்டும்தான் அவர்கள் காது கொடுத்துக் கேட்பது, நாம் அந்த இரண்டையும்தான் ‘சார் சொல்வார்’ என்று விட்டுவிடுகிறோம். தப்பாகவாவது ஒரு ப்ளான் சொல்லுங்கள். நான் முதல் நாள் பத்து மாத்திரைப் பெயரைக் கோட்டை விட்டேன். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்ப்யூட்டமால் ஆல்ப்யூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின். விமானத்தில் படுக்கும் முன் இந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்.

தெரியாததற்குத் தலையை ஒரு பக்கமாக ஆட்டாதீர்கள், அங்கே அது யாருக்கும் புரியாது. அதைவிட, தெரியாது என்று சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் படித்து வந்து இரண்டு வரியில் சொல்கிறவனை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நர்ஸிடம் பேசுங்கள், பெயரைக் கேட்டு நினைவு வையுங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், திரையை மூடிவிட்டுப் பரிசோதியுங்கள். ஜி.எச்.சில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்த வார்டிலிருந்து வந்த எனக்கு இது முதல் வாரம் கூச்சமாக இருந்தது. ஆனால் நமக்கும் ஒரு சொத்து உண்டு. அமெரிக்க மாணவர்கள் எக்கோ ரிப்போர்ட்டைத் திறக்கும் நேரத்தில் நாம் ஸ்டெத்தை வைத்துவிடுவோம். ஒரு நாள், அல்பேனியாவிலிருந்து குடிபெயர்ந்த ஒரு பெண்மணிக்கு மிட்ரல் ஸ்டெனோசிஸ் முணுமுணுப்பு கேட்கிறது என்று நான் சொன்னபோது அந்த ரெசிடென்ட் நம்பவில்லை. ருமாட்டிக் இதயநோயை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார். இடது பக்கம் படுக்க வைத்து, பெல்லை வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, ஸ்டெத்தை அந்த ரெசிடென்ட்டின் காதில் மாட்டினேன். அன்றிலிருந்து டீமில் என் பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூடியது.

கடிதம் கேட்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டாம் வாரக் கடைசியில் ‘நான் எதில் முன்னேற வேண்டும்?’ என்று கேளுங்கள், சொன்னதை மூன்றாம் வாரம் செய்து காட்டுங்கள், அப்புறம் ‘இன்டர்னல் மெடிசினுக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?’ என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள், அந்தத் தயக்கம் உங்களுக்குச் செய்கிற உபகாரம். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: கடிதத்தை அட்டெண்டிங் நேராக ஈராஸ் போர்ட்டலில்தான் ஏற்ற வேண்டும், அதற்கான கோரிக்கைப் படிவம் உங்கள் டோக்கன் (ஈராஸில் நுழைவதற்கான எண்) வந்த பிறகுதான் உருவாகும், டோக்கன் ஜூன் மாதத்தில்தான் வரும். பிப்ரவரியில் எலெக்டிவ் முடித்தவரை ஜூனில் அவருக்கு ஞாபகம் இருக்காது. அதனால் கிளம்பும் முன்பே, ‘இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஜூனில் இணைப்பு அனுப்புகிறேன்’ என்று சொல்லி, நீங்கள் பார்த்த நோயாளிகளில் மூன்று நான்கு பேரைப் பற்றிப் பெயர் இல்லாமல் அரைப் பக்கக் குறிப்பும் சிவியும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஒரு ப்ரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை வைக்கலாம். இரண்டு அமெரிக்கக் கடிதம் நன்றாக அமைந்தால் மற்ற இரண்டுக்கு உங்கள் மெடிசின் யூனிட் சீஃப் தருவதே போதும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, ஸ்டெப் 1-ஐ ஃபைனலுக்கு முன்னால் முடித்துவிடுவது. ஃபைனலையும் அதையும் ஒன்றாகக் கட்டி இழுக்காதீர்கள். அதோடு இந்த வாரமே ஹெபடைடிஸ் பி டைட்டருக்கு ரத்தம் கொடுங்கள், லேபில் ஆகிற செலவு ஒரு பிரியாணிச் செலவை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். டீன் அலுவலகத்துக்குப் போவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போங்கள், தட்டச்சு செய்த கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு.